காசில் ஹென்றி, சீட்டில் ஜான்: ஒரு குறுஞ்சிலுவைப் பென்னி பற்றிய கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வேலை பார்க்கும் உங்கள் மைத்துனர் பழைய வெள்ளிக்காசு ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். கூட வந்த சீட்டில் "ஜான் மன்னர் காலம், 1205 முதல்" என்று இருக்கிறது. காசிலோ "ஹென்ரிகஸ் ரெக்ஸ்", அதாவது ஹென்றி மன்னர் என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம் ஒரு சிலுவை, அதன் நாலு மூலையிலும் குட்டிக் குட்டிச் சிலுவைகள். சிலுவைப்போருக்குப் போனவர்களின் ரகசியக் குறி இது, தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பிறை ஜெருசலேமைக் குறிக்கிறது என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெயர் மாறியிருப்பதால் காசு போலியா, குறிகளுக்கு உண்மையில் என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், அம்மா விபூதி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைக்கட்டுமா என்று கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் உடனே பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன். அப்பாவோடு பன்னிரண்டு ஆண்டு வேலை செய்தேன். பிறகு இங்கிலாந்து வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இங்கே வந்த பிறகுதான் சுத்தியலால் அடித்த காசுகள் மேல் பைத்தியம் பிடித்தது. அருங்காட்சியக நிபுணன் இல்லை, லத்தீன் அரைகுறை. வெள்ளியை அடித்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கைக்குத் தெரியும், இந்த வகைக் காசுகளில் சில ஆயிரத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் காசை நான் படத்தில் மட்டுமே பார்க்கிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர்த் தகராறு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை: காசில் ஹென்றி என்று இருப்பது சரி, சீட்டில் ஜான் என்று இருப்பதும் சரியாக இருக்கலாம். பின்பக்கச் சிலுவை ஓரத்தைத் தொடாமல் நிற்கும் இந்த வகை வெள்ளிக்காசைக் குறுஞ்சிலுவைப் பென்னி என்பார்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி இதை 1180இல் தொடங்கினார். அவர் 1189இல் இறந்தார். அடுத்து வந்த மகன் ரிச்சர்டு காசில் பெயரை மாற்றவில்லை. 1199இல் வந்த தம்பி ஜானும் மாற்றவில்லை. 1216இல் ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தபோதுதான் காசில் இருந்த பெயரும் சிம்மாசனத்தில் இருந்த பெயரும் மறுபடி ஒன்றாயின, அதுவும் தற்செயலாக. 1247 வரை 67 ஆண்டு, நாலு மன்னர்கள், ஒரே பெயர், ஏறத்தாழ ஒரே முகம். மூன்றாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது ஒன்பது. காசில் அந்த ஒன்பது வயதுப் பையனுக்குத் தாடி இருக்கிறது! அந்த முகத்தில் உருவ ஒற்றுமை தேடுவது வீண் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அது "மன்னர்" என்பதன் படம், எந்த மனிதரின் படமும் இல்லை.

ஏன் மாற்றவில்லை? இங்கே நிச்சயத்திலிருந்து ஊகத்துக்கு இறங்குகிறோம். ரிச்சர்டுக்கும் ஜானுக்கும் தங்கள் பெயரில் காசடிக்க ஆசையில்லாமல் இல்லை. ரிச்சர்டு பிரான்சில் தன் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அக்விட்டேன், புவாத்தூ பகுதிகளில் தன் பெயரிலேயே அடித்தார். ஜான் அயர்லாந்தில் தன் பெயரில் அடித்தார். இங்கிலாந்தில் மட்டும் அப்பா பெயர் அப்படியே நின்றது. மக்களும் வெளிநாட்டு வியாபாரிகளும் பழகி நம்பிவிட்ட காசைத் தொட வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்பது பலரும் ஏற்கிற விளக்கம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நமக்கு இது புதிதும் இல்லை. இரண்டாம் ஆலம்கீர் என்ற முகலாய பாதுஷா 1759இல் கொலை செய்யப்பட்டார். அவர் பெயரையும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற தேதியையும் தாங்கிய ஆற்காட்டு ரூபாயைக் கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் தங்கசாலையில் 1800க்குப் பிறகும் அடித்துக்கொண்டிருந்தது. பஜாரில் எது செல்லுமோ அதுதான் காசில் ஏறும். செத்த ராஜா பெயர் செல்லுபடியானால் செத்த ராஜா பெயரே இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

அப்படியானால் ஜான் காசென்று எப்படிப் பிரிக்கிறார்கள்? பெயரை வைத்து முடியாதென்பதால் மற்ற எல்லாவற்றையும் வைத்துப் பிரிக்கிறார்கள். 1180இல் வந்த முதல் வரிசையில் வேலை சுத்தமாக இருக்கும். தலையின் இடப்பக்கம் இரண்டு சுருள், வலப்பக்கம் ஐந்து சுருள், கிரீடத்தில் ஐந்து முத்து என்பது பெரும்பாலும் மாறாது. ரிச்சர்டு காலத்துக்கு வரும்போது அச்சு வெட்டியவர்களின் கை தளர்ந்து, முகம் குழந்தை கிறுக்கியது போல ஆகிவிடும். 1205இல் ஜான் பழைய தேய்ந்த காசுகளை உள்ளே வாங்கிப் புதுசாக அடிக்க வைத்தபோது மறுபடி வேலை சுத்தமாகிறது. அந்த மறுவார்ப்பின் தொடக்கக் காசுகளில் ஹென்ரிகஸ் என்பதன் கடைசி "எஸ்" எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ் திரும்பித்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருப்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். பின்பக்கம் "அபெல் ஆன் லுண்டே" என்று படிக்கிறேன், "லண்டனில் அபெல்" என்று பொருள். அபெல் என்பவர் ஜான் காலத்திலும் அதற்குச் சற்றுப் பிறகும் லண்டனில் காசடிக்கும் பொறுப்பில் இருந்தவர். எழுத்தும் ஆளும் ஒத்துப்போவதால் சீட்டை நம்பலாம் என்பது என் கணிப்பு.

இப்போது குறிகளுக்கு வருவோம். அதற்கு முன் காசு எப்படி உண்டானது என்று தெரிய வேண்டும். இது தெரியாமல் குறிக்கு அர்த்தம் சொல்லப் போனால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதையாகிவிடும். வெள்ளியை உருக்கி, சுமார் 92.5 டச்சுக்கு, அதாவது நூறில் 92.5 பங்கு வெள்ளி இருக்கும்படி, செம்பு கலந்து, வார்த்து, அடித்துத் தகடாக்குவார்கள். அடிக்க அடிக்க வெள்ளி விறைக்கும், ஓரம் வெடிக்கப் பார்க்கும். அதனால் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அப்பா விளக்கை அணைத்துவிட்டுத்தான் வெள்ளி பழுக்கும் நிறத்தைப் பார்ப்பார். இரண்டு வினாடி அதிகமானால் ஓரம் உருகி ஓடிவிடும். எண்ணூறு ஆண்டுக்கு முன் லண்டனில் இருந்தவனும் அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். தகட்டைக் கத்திரியால் வட்டமாக வெட்டி, எடை சரிபார்த்து, புளிப்பான நீரில் வெளுத்து எடுப்பார்கள். ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னி என்பது கணக்கு. ஒன்று 1.4 கிராம் சொச்சம் வரும். குறுக்களவு நம் பழைய பத்துப் பைசாவைவிடச் சின்னது, தடிமன் காகித அட்டை மாதிரி.

அச்சு இரண்டு பாகம். அடி அச்சுக்குக் கீழே முளை போலக் கூர்மை இருக்கும். அதை மரக்கட்டையில் அறைந்து நிறுத்துவார்கள். மன்னர் தலை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மேலச்சைக் கையில் பிடித்துக்கொள்வார்கள், அதில் சிலுவை. வட்டத் துண்டை நடுவில் வைத்து மேலே ஒரு அடி, தேவையானால் இன்னொரு அடி. சுத்தியலை நேராக வாங்குவது மேலச்சு என்பதால் அது சீக்கிரம் நசுங்கும். ஒரு தலை அச்சு தேய்வதற்குள் இரண்டு மூன்று சிலுவை அச்சு மாற்ற வேண்டியிருக்கும். மேலச்சு துளி சாய்ந்தால் காசின் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மொட்டையாகவும் விழும். இரண்டாவது அடியில் அசைந்துவிட்டால் மூக்கு இரண்டாகத் தெரியும். இதெல்லாம் குறை இல்லை, கைவேலையின் இயல்பு. உங்கள் காசில் வலப்பக்க எழுத்துகள் மங்கியிருப்பது தேய்மானத்தால் இருக்காது, அடி சரியாக விழாததால்தான் என்று படுகிறது. ஏனென்றால் அதை ஒட்டியிருக்கும் சுருள்கள் கூர்மையாக இருக்கின்றன.

அடுத்ததுதான் முக்கியம். அச்சில் எழுத்தையும் முகத்தையும் யாரும் எழுத்தாணியால் வரைவது போல வெட்டுவதில்லை. கையில் நாலைந்து சின்னப் பொறி உளிகள் இருக்கும்: ஒரு நேர்க்கோடு, ஒரு ஆப்பு வடிவம், ஒரு பிறை வடிவம், ஒரு புள்ளி. அவற்றை அச்சில் வைத்துத் தட்டித் தட்டியே எல்லாம் உண்டாகும். "சி" எழுத்து என்றால் பிறை உளி ஒரு தட்டு. தலைமயிரின் சுருள் என்றாலும் அதே போன்ற பிறை உளிதான். கண் என்றால் புள்ளி, முத்து என்றால் புள்ளி, குட்டிச் சிலுவை என்றால் நாலு புள்ளி. விற்றவர் சொன்ன ஜெருசலேம் பிறை, நான் பார்க்கும் வரையில், காதோரத்துச் சுருள். அந்தப் பக்கம் இருக்கும் சுருள்களில் கடைசியானது கொஞ்சம் விலகி விழுந்திருக்கிறது. அச்சு வெட்டியவன் உளியைப் பிடித்த கோணத்துக்கு மேல் அதில் எந்தச் செய்தியும் இல்லை.

இதை நக்கலாகச் சொல்லவில்லை, நானே மாட்டியவன். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் நீள்சிலுவைப் பென்னி (குறுஞ்சிலுவைக்கு அடுத்து வந்த வகை) ஒன்றில் மன்னர் கழுத்துக்குக் கீழே ஒரு வளையத்தைக் கண்டுபிடித்தேன். எந்தப் பட்டியலிலும் இல்லாத குறி. ஏதோ ரகசிய அடையாளம் என்று இரண்டு பக்கம் கட்டுரை எழுதி, உள்ளூர் நாணயக் குழுவில் எடுத்துப் படித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பேசாமல் தன் பையிலிருந்து இன்னொரு காசை எடுத்து என் காசுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே அச்சில் விழுந்த காசு, வளையம் இல்லை. என் காசை எப்போதோ யாரோ துளைத்துக் கோத்திருக்கிறார்கள், பிறகு வந்தவர் துளையை வெள்ளி வைத்து அடைத்திருக்கிறார். வளையம் என்று நான் பார்த்தது அந்த அடைப்பின் விளிம்பு. வெள்ளிப் பட்டறையில் பிறந்தவன், பத்தவைப்புக் கோட்டை அடையாளம் தெரியாமல் கட்டுரை எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு குறிக்கு அர்த்தம் சொல்வதற்கு முன் அதே அச்சில் விழுந்த இன்னொரு காசைத் தேடுவது பழக்கமாகிவிட்டது.

சரி, அப்படியானால் எதற்குமே பொருள் இல்லையா? இருக்கிறது. கிரீடமும் செங்கோலும் அரச அதிகாரம், இதற்கு விளக்கம் வேண்டாம். பின்பக்கச் சிலுவை கிறிஸ்தவச் சிலுவைதான், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் அது 1180க்கு முன்பே பல நூறு ஆண்டாக ஆங்கிலக் காசுகளில் விதவிதமாக வந்துகொண்டிருந்த ஒன்று. நம் ஊர் வாசல்படியில் மஞ்சள் குங்குமம் மாதிரி, இல்லாவிட்டால்தான் கேள்வி வரும். மூலையில் இருக்கும் நாலு குட்டிச் சிலுவைக்கு வருவோம். நடுவில் ஒரு பெரிய சிலுவை, சுற்றி நாலு சின்னது என்ற அமைப்பு ஜெருசலேம் சிலுவையோடு ஒத்துப்போவது உண்மை. விற்றவர் கதை அங்கேதான் முளைத்திருக்க வேண்டும். தேதியைப் பாருங்கள்: இந்த அமைப்பு 1180இல் வந்துவிட்டது. முஸ்லிம் சுல்தான் சலாவுத்தீன் ஜெருசலேமைப் பிடித்தது 1187இல். ரிச்சர்டு சிலுவைப்போருக்குப் புறப்பட்டது அதற்கும் பிறகு. ஜெருசலேம் அரசின் சின்னமாக அந்த ஐந்து சிலுவை அமைப்பு பரவலாகத் தெரியவந்தது 13ஆம் நூற்றாண்டில். ஆகவே போருக்குப் போனவர்களின் குறி என்பது காலக்கணக்கில் உதைக்கிறது. ஐந்து சிலுவை இயேசுவின் ஐந்து காயம் என்று சொல்பவர்களும் உண்டு. 1180இல் காசைப் பார்த்த பாதிரியார் ஒருவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம், மறுக்க மாட்டேன். அச்சை வடிவமைத்தவர் அதை நினைத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

சிலுவைப்போருக்கும் இந்தக் காசுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு, அது குறியில் இல்லை. 1188இல் இரண்டாம் ஹென்றி சலாவுத்தீன் தசமம் என்று ஒரு வரி போட்டார். வருமானத்திலும் அசையும் சொத்திலும் பத்தில் ஒரு பங்கு, போருக்காக. அந்த வரி கட்டப்பட்டது இந்தக் குறுஞ்சிலுவைப் பென்னிகளில்தான். மூட்டை மூட்டையாகக் காசு போனது, அந்தக் காசில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1908இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கிடைத்த ஒரே புதையலில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வெள்ளிக்காசு இருந்தது, அதில் சரிபாதி அளவுக்கு ஆங்கிலப் பென்னி. இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் ஒரே தெருவில் 1902இல் பத்தாயிரத்துக்கு மேல், 1969இல் பதினாலாயிரத்துக்கு மேல். இத்தனை கையில் புழங்கிய பொருளில் ரகசியக் குறி வைத்து யாருக்கு என்ன சொல்ல முடியும்?

உங்கள் காசின் சிலுவையை இன்னொரு தடவை பாருங்கள். ஒவ்வொரு கையும் ஒற்றைக் கோடாக இல்லாமல் இரட்டைக் கோடாக இருக்கிறது, நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. என்னைக் கேட்டால் இந்தக் காசில் மிகவும் சுவாரசியமானது இந்தப் பள்ளம்தான். அன்று பென்னிக்குக் கீழே வட்டமான சில்லறை கிடையாது. அரைப் பென்னி வேண்டுமென்றால் காசையே பாதியாக வெட்ட வேண்டும், கால் பென்னி வேண்டுமென்றால் நாலாக. அப்படி வெட்டிய துண்டுகள் இங்கே உழுத வயல்களில் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. பார்த்திங் என்ற சொல்லுக்கே நாலில் ஒரு பங்கு என்றுதான் பொருள். நாம் கால் என்கிறோமே, அதேதான். இரட்டைக் கோட்டுப் பள்ளம் கத்திரிக்கு வழிகாட்டியாக இருந்தது, பெரும்பாலான துண்டுகள் அந்தக் கோட்டிலேயே வெட்டுப்பட்டிருக்கின்றன. வெட்டுவதற்காகவே அப்படி வடிவமைத்தார்களா, அழகுக்கு வைத்தது வசதியாகப் போனதா என்று கேட்டால், பின்னதற்கும் இடமுண்டு. ஏனென்றால் பள்ளம் இல்லாத பழைய காசுகளையும் மக்கள் வெட்டித்தான் இருக்கிறார்கள். எப்படியோ, ஒரு கிழவி முட்டை வாங்கிவிட்டுச் சிலுவையை நாலாக வெட்டி ஒரு காலை நீட்டியிருப்பாள். அவள் அதில் தெய்வ நிந்தனை எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு வெட்டும் இருந்தது, அது குற்றம். சிலுவை காசின் ஓரம்வரை போகாததால், ஓரத்தை மயிரிழை மயிரிழையாகக் கத்தரித்து வெள்ளியைச் சேர்த்துவிட்டுக் காசை முழு மதிப்புக்குச் செலவழிக்க முடிந்தது. கைமாறக் கைமாறக் காசு சுருங்கிக்கொண்டே வந்தது. அதற்குத்தான் 1247இல் சிலுவையின் நாலு கையையும் ஓரம்வரை நீட்டினார்கள். நாலு முனையும் தெரியாத காசு செல்லாது என்று விதி. நீள்சிலுவைப் பென்னி பிறந்தது இப்படி. ஒரு சமயச் சின்னம் அளவுகோலாக மாறிய இடம் இது. இதில் ஊகமே இல்லை, அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கத்தரிப்பு நிற்கவில்லை. 1278 நவம்பரில் முதலாம் எட்வர்டு நாட்டிலிருந்த யூதர்களை மொத்தமாகப் பிடித்து, ஓரம் கத்தரித்தார்கள் என்று குற்றம் சாட்டி, ஏறத்தாழ 680 பேரை லண்டன் கோட்டையில் அடைத்தார். அடுத்த ஆண்டில் 200க்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கத்தரித்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், தூக்குக்குப் போனவர்களில் அவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் அபராதத்தோடு தப்பினார்கள். 1290இல் யூதர்கள் நாட்டைவிட்டே விரட்டப்பட்டார்கள். ஓரம் நறுக்கிய நீள்சிலுவைக் காசு கைக்கு வரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இதைச் சொல்லாமல் சிலுவையின் அழகை மட்டும் பேச மனம் வரவில்லை.

நீள்சிலுவையின் மூலைகளில் குட்டிச் சிலுவை போய் மும்மூன்று புள்ளி வந்தது. மூன்று என்றதும் பரிசுத்த திரித்துவம், நாலு மூலைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு என்றதும் சீடர்கள் பன்னிருவர் என்று விளக்கம் சொல்வது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் புள்ளிகள் 1400களின் இறுதிவரை, இருநூற்றைம்பது ஆண்டு மாறாமல் ஆங்கில வெள்ளியில் இருந்தன. புள்ளி உளியால் மூன்று தட்டு தட்டினால் மூலை நிரம்பிவிடும் என்பதும் உண்மை. இரண்டில் எது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதிலும் தடையில்லை. அதே நீள்சிலுவையின் தொடக்கக் காசுகளில் மன்னர் தலைக்கு மேலே பிறையும் அதன்மேல் நட்சத்திரமும் தெளிவாக வரும். அது தற்செயல் உளித்தட்டு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ரிச்சர்டின் அரச முத்திரையிலும் பிறையும் நட்சத்திரமும் உண்டு. குடும்பச் சின்னமாகத் தொடர்ந்திருக்கலாம். அதற்கு மேல் சொன்னால் கதை.

குறிக்குப் பொருள் உறுதியாகத் தெரிந்த காசு எப்படியிருக்கும் என்று காட்ட இரண்டு உதாரணம் சொல்கிறேன். 1009இல் வைக்கிங் பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியது. ஏதெல்ரெட் மன்னர் நாடு முழுவதும் மூன்று நாள் உபவாசம், ரொட்டியும் பச்சிலையும் தண்ணீரும் மட்டும், எல்லோரும் வெறுங்காலோடு தேவாலயத்துக்கு நடக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சமயத்தில் வந்த ஒரு காசில் மன்னர் தலையே கிடையாது. ஒரு பக்கம் ஆட்டுக்குட்டி, மறுபக்கம் சிறகு விரித்த புறா. கடவுளின் ஆட்டுக்குட்டியும் பரிசுத்த ஆவியும். எழுத்தில் ஆணை இருக்கிறது, தேதி ஒத்துப்போகிறது, தலையை எடுக்கும் அளவுக்கு வழக்கத்தை மீறியிருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் நம்பலாம். இன்று மிஞ்சியிருப்பவை இரண்டு டஜன் அளவுக்குத்தான். அதிலும் பல, வைக்கிங்குகளுக்குக் கப்பமாகவோ கொள்ளையாகவோ போய்ப் பால்டிக் கடல் பக்கம் கிடைத்தவை. அடுத்தது 1066. அந்த ஆண்டில் ஒன்பது மாதம் ஆண்டு, ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் செத்த ஹெரால்டின் காசில் பின்பக்கம் நடுவில் "பாக்ஸ்" என்று பெரிதாக எழுதியிருக்கும். சமாதானம் என்று பொருள். இதற்கு உரையாசிரியரே வேண்டாம். நம் பக்கம் ராஜராஜ சோழன் காசில் புலிக்குப் பக்கத்தில் மீனும் வில்லும் வருவது போல: பாண்டியனும் சேரனும் என் குடைக்கீழ் என்று அன்றைக்குக் காசைத் தொட்ட எவனுக்கும் புரிந்திருக்கும். நிஜமான குறியீடு பெரும்பாலும் இப்படித்தான், சந்தையில் இருப்பவனுக்கே புரிகிற மாதிரி உரக்கப் பேசும்.

உங்கள் காசில் உரக்கப் பேசுவது எது என்று கேட்டால், நான் "அபெல் ஆன் லுண்டே" என்ற மூன்று சொல்லைக் காட்டுவேன். விற்றவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். காசின் எடைக்கும் தரத்துக்கும் பொறுப்பேற்றவரின் பெயர் அது. வெள்ளி குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று மன்னருக்குத் தெரிய வேண்டும், அதற்காகப் பொறித்தது. வெறும் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். முதலாம் ஹென்றி காலத்தில், 1124 கிறிஸ்துமஸ் சமயம், கலப்படக் காசு பெருகிவிட்டதென்று நாட்டின் காசடிப்பவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்தார்கள். வந்தவர்களின் வலக்கையை வெட்டினார்கள், விதையடித்தார்கள். அடுத்த சில நாட்களில் வேலை முடிந்துவிட்டது. அதற்கு எண்பது ஆண்டுக்குப் பிறகு அபெல் தன் பெயரை அச்சில் ஏற்றச் சம்மதித்தபோது இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாரா என்ன? இரும்புக் கம்பிக்கு மேல் வெள்ளி பூசிக் கொலுசென்று விற்றவர்களைச் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்து வளர்ந்த எனக்கு, எண்ணூறு ஆண்டு கழித்தும் 92.5க்குக் குறையாமல் நிற்கும் அபெலின் காசைக் கையில் எடுத்தால் ஒரு மரியாதை வருகிறது. 1279இல் முதலாம் எட்வர்டு காசை மறுபடி மாற்றியபோது இந்தப் பெயர்களை அநேகமாக எல்லா ஊர்களிலும் எடுத்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் வைத்தார். அதோடு அபெல்களின் காலம் முடிந்தது.

போலியா என்ற கேள்வி பாக்கி. படத்தில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. படத்தை வைத்து நல்லது என்று முத்திரை குத்தவும் மாட்டேன். சுத்தியலில் விழுந்த காசில் வெள்ளி வெளிப்பக்கமாக ஓடிய தடம், எழுத்தின் ஓரங்களில் மெல்லிய இழுவையாகத் தெரியும். நகலை அச்சில் ஊற்றி வார்த்திருந்தால் அந்த இழுவை இருக்காது. பதிலாக ஊசிமுனைக் குழிகள் இருக்கும், விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோட்டை ராவி எடுத்த தழும்பு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். உங்கள் ஊர் நகைக்கடைத் தராசில் வைத்து எடை எடுங்கள். 1.3 முதல் 1.5 கிராமுக்குள் இருந்தால் நிம்மதி. கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம், ஓரம் கத்தரித்திருக்கலாம். 1.5க்கு நன்றாக மேலே போனால் எனக்கு எழுதுங்கள். உரைகல்லில் மட்டும் உரசிப் பார்க்க விடாதீர்கள்.

அம்மாவின் விபூதி. குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கும்பாவுக்கும் அதைவிட நல்லது இல்லை, எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் விபூதி ஒரு பொடி, தேய்த்தால் வெள்ளியின் மேல்தோலைத் துளி எடுத்துத்தான் பளபளப்பைக் கொடுக்கும். காகித அட்டை தடிமனுள்ள காசில் அந்த மேல்தோலில்தான் அபெல் இருக்கிறார். பள்ளத்தில் இருக்கும் கறுப்புதான் எழுத்தைக் கண்ணுக்கு எடுத்துக் காட்டுகிறது, அது போனால் காசு நேற்றுச் செய்தது மாதிரி ஆகிவிடும், விலையும் பாதியாகும். புளியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு தடவை நனைத்து, பருத்தித் துணியில் ஒற்றி, அமிலமில்லாத காகித உறையில் போட்டு வையுங்கள். பிசுபிசுக்கும் பிளாஸ்டிக் உறை கூடாது, அது நாளாக நாளாகப் பச்சையாக ஒட்டிக்கொள்ளும். முடிந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்து, எஸ் எழுத்து இருக்கும் பக்கத்தை மட்டும் இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள். திரும்பித்தான் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.